ஊரோடு ஊர் கொண்ட நட்பு: உடன்பிறப்பு நகரங்களும் நினைவுச் சின்னங்களும்

மனிதரோடு மனிதர் நட்புக் கொள்வது உலகியல்பு. அரசோடு அரசு உடன்படிக்கை செய்துகொள்வதும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் ஓர் ஊர் மற்றோர் ஊரோடு நட்புக் கொள்ளுமோ? கொள்ளும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டின் வரலாறு சான்று பகர்கின்றது. மலையும் கடலும் இடைநிற்க, மொழியும் சமயமும் வேறுபட, ஒன்றையொன்று கண்டறியாத இரு நகரங்கள் உறவு பூண்டு, அந்த உறவின் அடையாளமாகத் தெருவுக்குப் பெயர் சூட்டியும் சிலை நிறுவியும் சோலை வளர்த்தும் வந்துள்ளன. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர் என்று கற்ற நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

இவ்வுறவு எவ்வாறு தோன்றியது, எதற்காகத் தோன்றியது, அதன் நினைவுச் சின்னங்கள் நமக்கு எதை உணர்த்துகின்றன, உறவு முறிந்தபின் அச்சின்னங்கள் என்னவாகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

இவ்வுறவை ஆங்கிலேயர் இரட்டைப்பிறவி நகரங்கள் என்னும் பொருளில் வழங்குவர். அமெரிக்கர் சகோதரி நகரங்கள் என்பர். செருமானியர் பங்காளி நகரம் என்று கூறுவர். ரஷ்ய மொழியிலோ, பிறப்பால் சகோதரராக இல்லாவிடினும் உறுதிமொழி கூறிச் சகோதரரானவர் என்னும் பொருள்படும் சொல் வழங்குகின்றது. ஜப்பானியர் அக்காள், தங்கை என்னும் இரு குறியீடுகளையும் இணைத்து இவ்வுறவுக்குப் பெயரிட்டனர். அவ்வாறு கூறினால் யார் மூத்தவர், யார் இளையவர் என்னும் வினா எழும் அல்லவா? ஆதலின் சீனர் நட்பு நகரம் என்னும் பொதுச் சொல்லையே கையாள்கின்றனர்.

நம் நாட்டில் இரட்டை நகரங்கள் என்றால் ஐதராபாத்தும் செகந்திராபாத்தும் போல அருகருகே அமைந்தவற்றையே குறிக்கும். எனவே தொலைவில் உள்ள நகரங்களின் உறவைக் குறிக்க உடன்பிறப்பு நகரங்கள் என்னும் தொடரே பொருத்தமுடையது என இக்கட்டுரையில் அதனையே ஆள்கின்றோம். உடன் பிறவாதவரை உடன்பிறப்பாக ஏற்பது இதில் உள்ள சிறப்பு. குருதியால் வராத உறவு விருப்பத்தால் வருகின்றது. விருப்பத்தால் வந்தது, விருப்பம் மாறினால் போகவும் கூடும். இவ்விரு பக்கங்களையும் மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பழைய வித்து

இவ்வுறவின் மிகப் பழைய எடுத்துக்காட்டாகப் பிரான்சு நாட்டின் லே மான் நகரையும் செருமனியின் படர்போர்ன் நகரையும் குறிப்பிடுவர். கி.பி. 836ஆம் ஆண்டில் புனிதர் ஒருவரின் திருமேனி எச்சங்கள் முன்னதிலிருந்து பின்னதற்குக் கொண்டு செல்லப்பட்டன. அதனை ஒட்டி இரு திருச்சபைகளும் சகோதர உறவு பூண்டன. பிரான்சும் செருமனியும் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் போரிட்டன. எனினும் அந்தப் பழைய உறவின் நினைவு அழியவில்லை. 1967இல் இரு நகராட்சிகளும் அதனை முறைப்படி புதுப்பித்துக்கொண்டன. ஆயினும் இன்று உலகெங்கும் பரவியுள்ள உடன்பிறப்பு நகர இயக்கத்தின் உண்மையான பிறப்பிடம் வழிபாட்டுக்கூடம் அன்று. போரின் சாம்பல் மேடே ஆகும்.

இரு நகரங்களின் துயரம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த கவென்ட்ரி, மோட்டார் வண்டிகளும் விமானப் பொறிகளும் செய்யும் தொழில் நகரம். 1940 நவம்பர் 14ஆம் நாள் மாலை தொடங்கி மறுநாள் விடியற்காலை வரை, ஏறத்தாழப் பதினொரு மணி நேரம், செருமானிய விமானங்கள் அலையலையாக வந்து அந்நகரின்மீது குண்டு வீசின. 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 4,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நகரின் நடுவே நின்ற தொன்மையான புனித மைக்கேல் பேராலயம் தீக்கு இரையாகி, கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டும் எஞ்சின.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1942 ஆகஸ்டு 23ஆம் நாள் வோல்கா நதிக்கரையில் உள்ள ஸ்டாலின்கிராட் நகரின்மீது பெரும் விமானத் தாக்குதல் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து தெருத்தெருவாக, வீடுவீடாக, மாடிமாடியாகப் போர் நடந்தது. 1943 பிப்ரவரி 2ஆம் நாள் செருமானியப் படை சரணடைந்தபோது நகரம் என்று கூறத்தக்க எதுவும் அங்கு எஞ்சவில்லை. உலகப் போரின் போக்கையே மாற்றிய வெற்றி அது. ஆனால் அவ்வெற்றியின் விலையை அந்நகர மக்களே தம் உயிரால் செலுத்தினர்.

ஸ்டாலின்கிராட் பற்றிய செய்திகள் கவென்ட்ரியை எட்டியபோது, அங்குள்ள மக்களுக்கு அவை வெறும் செய்தியாக இருக்கவில்லை. நெருப்பில் வெந்தவனுக்கே மற்றவனின் கொப்புளம் வலிக்கும். தாம் ஓர் இரவு பட்டதை அவர்கள் மாதக்கணக்கில் படுகின்றனர் என்று உணர்ந்த கவென்ட்ரிப் பெண்கள் தம்மால் இயன்றதைச் செய்ய முற்பட்டனர்.

வாளும் மேசைவிரிப்பும்

அவர்கள் செய்தது மிக எளிய செயல். ஒரு மேசைவிரிப்பை எடுத்து அதில் தம் பெயர்களை நூலால் பின்னினர். 830 பெண்களின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. ஒவ்வொருவரும் ஆறு பென்ஸ் காசு கொடுத்தனர். பெரிய அனுதாபத்தைக் காட்டிலும் சிறிய உதவி மேலானது என்னும் கருத்தமைந்த வாசகம் அதன் நடுவில் பொறிக்கப்பட்டது. விரிப்பும் திரட்டிய பணமும் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பப்பட்டன. 1944இல், போர் இன்னும் முடியாத நிலையிலேயே, இரு நகரங்களும் உடன்பிறப்பு நகரங்களாயின. இக்காலத்தில் நாம் அறியும் உடன்பிறப்பு நகர உறவுகளுள் முன்னோடியாக இதனையே பலரும் கருதுவர்.

அதே காலத்தில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜும் ஸ்டாலின்கிராட் மக்களுக்கு ஒரு பரிசு அனுப்பினார். அது வேலைப்பாடு மிக்க ஒரு வாள். இங்கிலாந்தின் பல நகரங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அந்த வாளை, 1943 நவம்பர் 29ஆம் நாள் டெஹ்ரான் மாநாட்டில் பிரதமர் சர்ச்சில் ஸ்டாலினிடம் நேரில் வழங்கினார்.

இன்று வாளும் மேசைவிரிப்பும் அந்நகரத்தின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வாள் அரசன் அளித்தது. விரிப்பு ஆலைத்தொழிலாளியும் இல்லத்தரசியும் அளித்தது. வாளை அளித்த அரசும் பெற்ற அரசும் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பனிப்போரில் எதிரெதிர் அணிகளில் நின்றன. விரிப்பு தொடங்கிவைத்த உறவோ பனிப்போர்க் காலம் முழுவதும் நீடித்தது. அரசுகளின் நட்புக்கும் மக்களின் நட்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பகைவரோடு உறவு

ஒரே பகைவனால் தாக்கப்பட்ட இருவர் நட்புக் கொள்வது எளிது. தாக்கியவனோடு நட்புக் கொள்வதோ அரிது. கவென்ட்ரி அந்த அரிய செயலையும் செய்தது.

பேராலயம் எரிந்த சில வாரங்களில், 1940 கிறிஸ்துமஸ் நாளன்று, அதன் தலைமைக் குருவான ரிச்சர்டு ஹோவர்டு இடிபாடுகளுக்கிடையே நின்று வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, போருக்குப்பின் கனிவு மிக்க உலகைப் படைக்க வேண்டும் என்பது அவருடைய பேச்சின் சாரம். பின்னர் பலிபீடத்தின் பின்சுவரில், தந்தையே மன்னியும் என்னும் பொருளுடைய இரு சொற்கள் பொறிக்கப்பட்டன. யாரை மன்னிப்பது என்று அதில் குறிப்பிடவில்லை. அவர்களை என்னும் சொல் வேண்டுமென்றே விடப்பட்டது. மன்னிப்பு வேண்டுவோர் அனைவரும்தான் என்பது கருத்து. எரிந்த கூரையின் உத்திரங்களிலிருந்து விழுந்த பழைய ஆணிகளைச் சேர்த்து ஒரு சிலுவை செய்தனர். அத்தகைய ஆணிச் சிலுவை 1947இல் செருமனியின் கீல் நகருக்கு வழங்கப்பட்டது. குண்டுகளால் சிதைந்த நகரம் கீலும்தான்.

டிரெஸ்டன் நகரின் வரலாறு இன்னும் கடுமையானது. 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்நகரைத் தாக்கின. இறந்தோர் தொகையை நாஜிகளின் பிரச்சாரம் பன்மடங்கு பெருக்கிக் கூறியது. பின்வந்தோர் பலரும் அதனை ஆராயாமல் எடுத்தாண்டனர். டிரெஸ்டன் நகராட்சி வரலாற்றறிஞர் குழுவொன்றை அமைத்து ஆராயச் செய்தது. உயிரிழந்தோர் 25,000 பேர் வரை என்று அக்குழு 2010இல் அறிவித்தது. நினைவைப் போற்றுவோர் உண்மையையும் போற்ற வேண்டும். எண்ணைக் கூட்டினால் துயரம் கூடுவதில்லை, நம்பிக்கையே குறைகின்றது என்பதற்கு இது தக்க பாடமாகும்.

கவென்ட்ரியும் டிரெஸ்டனும் 1959இல் உடன்பிறப்பு நகரங்களாயின. செருமானிய இளைஞர்கள் கவென்ட்ரிக்கு வந்து, பேராலய இடிபாட்டின் ஒரு பகுதியைப் பன்னாட்டு இளைஞர் சந்திக்கும் இடமாக மாற்றித் தரும் பணியில் ஈடுபட்டனர். 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குச் சென்று, குண்டுவீச்சில் சிதைந்த மருத்துவமனையைக் கட்டியெழுப்பும் பணியில் தோள் கொடுத்தனர். இடித்தவரின் மக்களே கட்ட வந்தனர். செங்கல் சுமந்த அந்தக் கைகளே இவ்வுறவின் முதல் நினைவுச் சின்னம் எனலாம்.

டிரெஸ்டனின் புகழ்பெற்ற அன்னை மரியாள் ஆலயம் நெடுங்காலம் கற்குவியலாகவே கிடந்தது. இரு செருமனிகளும் இணைந்த பின்னரே அது மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் பொன்முலாம் பூசிய சிலுவையைப் பிரிட்டிஷ் மக்கள் நன்கொடை திரட்டி வழங்கினர். அதனைச் செய்தவர் ஆலன் சுமித் என்னும் இலண்டன் பொற்கொல்லர். அவருடைய தந்தை 1945இல் டிரெஸ்டன்மீது குண்டு வீசிய விமானப்படையில் பணியாற்றியவர். 2004இல் அச்சிலுவை உச்சியில் ஏற்றப்பட்டது; 2005 அக்டோபர் 30ஆம் நாள் ஆலயம் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. தந்தை அழித்த ஊரின் முடியை மகன் செய்தான் என்னும் இச்செய்தியைக் கூறும்போது விளக்கவுரை வேண்டுவதில்லை.

இயக்கம் பரவிய முறை

போருக்குப்பின் ஐரோப்பாவில் இவ்வியக்கம் விரைந்து பரவியது. 1950இல் செருமனியின் லூட்விக்ஸ்பர்க் நகரும் பிரான்சின் மோன்பெலியார் நகரும் உறவு பூண்டன. பிரான்சு, செருமனி ஆகிய இரு நாடுகளுக்கிடையே போருக்குப்பின் அரும்பிய முதல் நகர உறவு இதுவே. மோன்பெலியாரின் மேயராக அப்போது இருந்த லூசியன் தரடேன், நாஜிகளின் புகன்வால்டு வதைமுகாமிலிருந்து உயிர்தப்பி வந்தவர். வதைபட்டவரே முதற்கை நீட்டினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1963இல்தான் இரு நாட்டு அரசுகளும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஊர்கள் முன்னே சென்றன. அரசுகள் பின்னே வந்தன.

அமெரிக்காவில் இவ்வியக்கத்துக்கு வித்திட்டவர்களுள் ஓர் ஆசிரியையும் அவருடைய மாணவர்களும் அடங்குவர் என்பது கல்லூரி மலரொன்றில் குறிக்கத்தக்க செய்தியாகும். டென்வர் நகரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர், போரில் சிதைந்த பிரான்சின் பிரெஸ்ட் துறைமுக நகரைக் கண்டு வந்து தம் மாணவர்களிடம் கூறினார். மாணவர்கள் பத்து சென்ட் காசுகளாகச் சேர்த்து 32,000 டாலர் திரட்டினர். அப்பணம் பிரெஸ்ட் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைக் கட்ட உதவியது. 1948இல் டென்வரும் பிரெஸ்டும் உடன்பிறப்பு நகரங்களாயின. பின்னர், 1956இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் மக்களோடு மக்கள் பழகும் திட்டத்தைத் தொடங்கிவைத்தபின், அமெரிக்க நகரங்கள் பலவும் இவ்வழியில் இறங்கின.

உறவு கொள்ளும் முறை எளிது. இரு நகர மன்றங்களும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றும்; மேயர்கள் உடன்படிக்கையில் கையொப்பமிடுவர். அதன்பின் பள்ளி மாணவர், விளையாட்டு வீரர், இசைக்குழுவினர், மருத்துவர், வணிகர் ஆகியோர் மாறிமாறிச் சென்று வருவர். விருந்தினர் விடுதியில் தங்காமல் வீடுகளில் தங்குவதே பல ஊர்களில் மரபு. ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியவரைப் பகைவர் என்று நம்புவது கடினம் அல்லவா?

இதற்குக் குறை கூறுவோரும் உளர். மக்களின் வரிப்பணத்தில் நகர மன்றத்தார் உலாச் சென்று விருந்துண்டு திரும்புவதே இதன் பயன் என்பர் அவர்கள். சிற்சில இடங்களில் அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஏட்டளவில் உறவும் பெயர்ப்பலகையில் மட்டும் நட்பும் கொண்ட நகரங்கள் இல்லாமலில்லை. மேசைவிரிப்பு இல்லாத உறவு இத்தகைய நிலையையே எய்தும்.

நினைவுச் சின்னங்களின் வகைகள்

நம் முன்னோர் நட்ட நடுகற்கள் தம் ஊருக்காக வீழ்ந்த வீரனை நினைவூட்டுவன. உடன்பிறப்பு நகரச் சின்னங்களோ வேற்றூரார் பட்ட துயரையும் அவரோடு கொண்ட நட்பையும் நினைவூட்டுவன. அவற்றை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, பெயர். கவென்ட்ரியில் வோல்கோகிராட் சதுக்கம் உண்டு. ஸ்டாலின்கிராட் 1961இல் வோல்கோகிராட் எனப் பெயர் மாற்றம் பெற்றது என்பதை இங்கு நினைவிற் கொள்க. வோல்கோகிராடில் ஹிரோஷிமாத் தெரு உண்டு. அணுகுண்டால் அழிந்த அந்நகரும் வோல்கோகிராடும் 1972இல் உறவு பூண்டன. டென்வரில் தகாயாமா, நைரோபி, குயெர்னவாக்கா முதலிய உடன்பிறப்பு நகரங்களின் பெயர்களைத் தாங்கிய பூங்காக்கள் உள்ளன. அங்கு ஓடி விளையாடும் குழந்தை, அப்பெயர் எந்த ஊரின் பெயர் என்று ஒரு நாள் கேட்கும். அந்த வினாவே சின்னத்தின் பயன்.

இரண்டாவது, பயன்படு பொருள். கவென்ட்ரியில் 1958இல் திறக்கப்பட்ட நாடக அரங்குக்கு பெல்கிரேடு அரங்கு என்று பெயர். உடன்பிறப்பு நகரான பெல்கிரேடு, அவ்வரங்கைக் கட்ட மரம் அன்பளிப்பாக அனுப்பியதற்கு நன்றியாக அப்பெயர் இடப்பட்டது. அங்கு நாடகம் காண வருவோர் தம்மை அறியாமலே ஒரு நட்பின் நிழலில் அமர்கின்றனர்.

மூன்றாவது, சோலையும் சிலையும். ஜப்பானின் நாகசாகியும் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரும் 1955 டிசம்பர் 7ஆம் நாள் உறவு பூண்டன. ஜப்பானிய நகரொன்றும் அமெரிக்க நகரொன்றும் கொண்ட முதல் உறவு இதுவே. 1941இல் அதே டிசம்பர் 7ஆம் நாள்தான் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிற்று. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அமெரிக்கா நாகசாகியின்மீது அணுகுண்டு வீசிற்று. நாகசாகி அமைதிப் பூங்காவில் உலக நாடுகளும் நகரங்களும் வழங்கிய சிலைகளுக்கென 1978 முதல் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அங்குச் செயின்ட் பால் நகரம் 1992இல் ஒரு சிலையை நிறுவியது. மனித உருவங்கள் ஏழு ஒன்றோடொன்று பிணைந்து உலக உருண்டையாக அமைந்த சிற்பம் அது. செயின்ட் பால் நகரிலோ நாகசாகியைச் சேர்ந்த தோட்டக் கலைஞர் வடிவமைத்த ஜப்பானியத் தோட்டம் 1979 முதல் உள்ளது. குண்டு விழுந்த ஊரில் சிலை. குண்டு வீசிய நாட்டில் தோட்டம்.

நான்காவது, இணைச் சின்னம். ஒரே வடிவத்தை இரண்டு இடங்களில் நிறுவுதல் இதன் இலக்கணம். ஜோசபினா தெ வாஸ்கான்செலோஸ் என்னும் சிற்பி, மண்டியிட்டு ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளும் இருவரின் சிலையை வடித்தார். 1995இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், அதன் படிகள் கவென்ட்ரிப் பேராலய இடிபாட்டிலும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் வைக்கப்பட்டன. கவென்ட்ரியும் ஹிரோஷிமாவும் முறைப்படி உடன்பிறப்பு நகரங்கள் அல்ல. எனினும் ஒரூரில் நிற்பவர் மற்றோரூரில் நிற்பவரையும் அச்சிலை வாயிலாகக் காண்கின்றார். உடன்படிக்கை இல்லாத இடத்திலும் உறவு வேர்விடும் என்பதற்கு இது சான்று.

உறவு முறிந்தால்

நட்பைப் பேசிய நாம் முறிவையும் பேசுதல் வேண்டும். நினைவுச் சின்னமே உறவை முறித்த வரலாறும் உண்டு.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் ஜப்பானின் ஒசாகாவும் 1957 முதல் உடன்பிறப்பு நகரங்கள். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையினரால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கான சின்னம் அது. கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் நாடுகளைச் சார்ந்த மூன்று இளம்பெண்கள் மேடைமீது கைகோத்து நிற்கின்றனர். கீழே நின்று அவர்களை நோக்குவது கிம் ஹக் சுன் என்னும் மூதாட்டியின் உருவம். தமக்கு நேர்ந்ததை 1991இல் உலகறியச் சொன்ன கொரியப் பெண்மணி அவர். அச்சின்னத்தையும் அதன் வாசகத்தையும் ஒசாகா மேயர் ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகராட்சி அதனைப் பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டதைக் காரணம் காட்டி, 2018 அக்டோபரில் அறுபது ஆண்டு உறவை முறித்துக்கொள்வதாக அவர் எழுதினார். மக்களுக்கிடையே உள்ள உறவை ஒரு மேயர் தனித்து முறித்துவிட இயலாது என்பது சான் பிரான்சிஸ்கோ மேயரின் மறுமொழி.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. நட்பின் சின்னத்தை நிறுவுவது எளிது; நண்பன் செய்த தவற்றின் சின்னத்தைப் பொறுத்துக்கொள்வது அரிது. நட்பு என்பது நகைத்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பதற்கும் ஆகும் என்பது நம் அறநூலார் கொள்கை. இடித்துரைத்தலைத் தாங்காத நட்பு எவ்வளவு காலம் நீண்டிருந்தும் வலுவற்றதே. கவென்ட்ரியும் டிரெஸ்டனும் உறவில் நிலைத்தமைக்குக் காரணம், இருவரும் தத்தம் நாடு செய்த அழிவை மறைக்காமல் ஒப்புக்கொண்டதேயாகும்.

கவென்ட்ரிக்கும் ஒரு சோதனை வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைன் நாட்டில் புகுந்தது. அதனை அடுத்து, வோல்கோகிராடுடன் கொண்டிருந்த உறவைக் கவென்ட்ரி நகர மன்றம் நிறுத்திவைத்தது. பனிப்போரைத் தாண்டி நின்ற உறவு, உண்மைப் போர் மூண்டபோது நின்றுபோயிற்று. குண்டுவீச்சால் சாம்பலான நகரம், மற்ற நகரங்கள் குண்டுவீச்சுக்கு ஆளாவதைக் கண்டு வாளாவிருத்தல் கூடுமா என்பர் ஒருசாரார். அரசு செய்த தவற்றுக்கு ஊர் மக்களின் உறவைத் துண்டிப்பது முறையா, இத்தகைய வேளைக்காகவே அன்றோ இவ்வுறவு தோன்றிற்று என்பர் மற்றொரு சாரார். இருதரப்புக் கூற்றிலும் அறம் உண்டு. மாணவர்கள் தம்முள் வாதிட்டுத் தெளிய வேண்டிய வினா இது.

ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. தீர்மானத்தை நிறுத்திவைக்கலாம், மேசைவிரிப்பில் பின்னிய நூலைப் பிரிக்க எவராலும் இயலாது. மீண்டும் ஒரு நாள் இரு நகரத்தாரும் பேச விரும்பினால், எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. 830 பெயர்கள் அங்கே காத்திருக்கின்றன.

நமக்கு உள்ள பங்கு

இச்செய்திகளெல்லாம் கடல் கடந்த ஊர்களின் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. வோல்கோகிராடின் உடன்பிறப்பு நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. 1960களில், சென்னை மாநகரம் மதராஸ் என்று வழங்கிய காலத்தில், அவ்வுறவு ஏற்பட்டது. எகிப்தின் போர்ட் சயீது நகரும் அதே பத்தாண்டில் வோல்கோகிராடோடு உறவு பூண்டது. 1956இல் சூயஸ் போரின்போது குண்டுவீச்சுக்கு இலக்கான துறைமுகம் அது. பின்னர், 1984இல், மாணவர்களின் சில்லறைக் காசால் உறவைத் தொடங்கிய அதே டென்வர் நகரமும் சென்னையோடு உறவு கொண்டது. வோல்கோகிராட் ஒரு காலத்தில் ஸ்டாலின்கிராட். சென்னை ஒரு காலத்தில் மதராஸ். சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. மதராஸ் என்னும் பெயர் 1996இல் மாறியது. பெயர்களும் ஆட்சிகளும் மாறின. உறவு மட்டும் ஏட்டில் இருந்துவருகின்றது.

ஏட்டில் இருந்தால் போதுமா? இவ்வுறவை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? கவென்ட்ரியின் பெண்களுக்குச் செல்வமோ அதிகாரமோ இருந்ததில்லை. ஊசியும் நூலும் ஆறு பென்ஸ் காசுமே அவர்கள் கையில் இருந்தன. டென்வர் மாணவர்களிடம் இருந்ததும் சில்லறைக் காசுதான். அவர்கள் செய்தது நம்மால் இயலாதது அன்று. தொலைவில் ஓர் ஊர் துன்புறும்போது, அது நம் மொழி பேசுகின்றதா, நம் சமயம் சார்ந்ததா என்று வினவாமல், நம் ஊர் பட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் மனமே இவ்வுறவுக்கெல்லாம் வேர். கல்லிலும் வெண்கலத்திலும் நிற்கும் சின்னங்கள் அந்த வேரிலிருந்து எழுந்த கிளைகளே. வேர் வாடினால் கிளை வெறும் விறகு.

சிலையைக் காண்போர் அதன் அடியில் பொறித்த பெயர்களையும் படிக்க வேண்டும். படித்தோர் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லப்படாத சின்னம் கல்லாகவே நின்றுவிடும்.